நாயோடும் பிள்ளைகளோடும் லேக் டிஸ்ட்ரிக்டின் சின்னக் குன்றுகளில்

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள லேக் டிஸ்ட்ரிக்டில் மலையை ‘ஃபெல்’ என்பார்கள். வைக்கிங்குகள் விட்டுச்சென்ற நார்ஸ் சொல் அது. ஓடைக்கு ‘பெக்’, மலைக்குளத்துக்கு ‘டார்ன்’, கணவாய்க்கு ‘ஹாஸ்’ என்று வரைபடம் முழுக்க அந்த மொழிதான். 978 மீட்டர் ஸ்காஃபெல் பைக் போன்ற பெரிய மலைகளை இங்கே பேசப்போவதில்லை. சுமார் 290 முதல் 450 மீட்டர் வரை உயரமுள்ள, காலையில் ஏறி உச்சியில் சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடக்கூடிய குன்றுகளுக்கான குறிப்பு இது.

இந்தக் குன்றுகளில் ஒரு நாளைக் கெடுப்பவை பெரும்பாலும் நான்கு: ஆடுகள், கல்வேலி ஏணிகள், நனைந்த பாறை, பிள்ளையின் கால் ஓய்ந்தபிறகு வரும் இறக்கம். ஆகவே வீட்டில் யாருடைய கால் மிகக் குட்டையோ அவரை வைத்துத் திட்டத்தைத் தொடங்குங்கள். சில வீடுகளில் அது ஐந்து வயதுப் பிள்ளை. சில வீடுகளில் டாக்ஸண்ட் நாய்.

எந்தக் குன்று?

முதல்முறை போகிறவர்களுக்கு லாட்ரிக் (368 மீ) போல் வாய்ப்பது அரிது. கெஸ்விக் ஊருக்கு மேலே கேல் ரோடு முடியும் இடத்தில் ஒரு சிறிய கார் நிறுத்தம் இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்கு ஏற்றம் 70 மீட்டர் அளவுதான். தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் போகும்படி பாதை போட்டிருக்கிறார்கள். உச்சியில் நின்றால் டெர்வென்ட்வாட்டர் ஏரி முழுசாகக் கண்ணில் படும். கார் நிறுத்தம் காலையிலேயே நிரம்பிவிடும். இடம் கிடைக்காவிட்டால் கெஸ்விக்கிலிருந்தே நடக்கலாம். ஆனால் அப்போது ஏற்றம் 280 மீட்டர் ஆகிவிடும், அது வேறு நடை.

ஹாலின் ஃபெல் (388 மீ) அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் இருக்கிறது. மார்ட்டின்டேல் கணவாயில் புனித பீட்டர் தேவாலயத்தின் எதிரே தொடங்கி, அகலமான புல்பாதையில் 160 மீட்டர் அளவு ஏறினால் உச்சி. குட்டையான நடைதான், ஆனால் புல்சரிவு செங்குத்தானது. மழைக்குப் பிறகு இறங்கும்போது சறுக்கும். அல்ஸ்வாட்டர் ஸ்டீமரில் ஹௌடவுன் வரை வந்து அங்கிருந்து நடப்பவர்களும் உண்டு. படகில் நாய்க்கும் இடமுண்டு.

விண்டர்மியரின் தென்முனையில் உள்ள கம்மர்ஸ் ஹௌ (321 மீ) 100 மீட்டர் ஏற்றம்தான். உச்சிக்குச் சற்று முன்னால் பாறைப் படி ஒன்று வரும். அதில் ஏறாமல் வலப்பக்கமாகச் சுற்றிப்போகும் பாதையும் இருக்கிறது. நாயோடு வருகிறவர்கள் அதில் போகலாம்.

லஃப்ரிக் (335 மீ) வேறு குணம். ரைடல் ஏரிக்கரையிலிருந்து ஏற்றம் 280 மீட்டர்தான். ஆனால் மேலே ஏறியபிறகு எங்கே பார்த்தாலும் மேடு, எங்கே பார்த்தாலும் பாதை. ‘இதுதான் உச்சி’ என்று பிள்ளைகளிடம் மூன்று முறை சொல்லி மூன்று முறையும் பொய்யாகும். மூடுபனி இறங்கினால் அனுபவசாலிகளும் தவறான பள்ளத்தாக்கில் இறங்கிவிடுவார்கள். தெளிவான நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்பெல்ஸ் (451 மீ) பிள்ளைகளுக்கு ஏற்ற மலை என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. போகும் வழியிலும், உச்சிக்குக் கீழேயும் கையை ஊன்றி ஏறவேண்டிய பாறைகள் உண்டு. லட்சக்கணக்கான காலணிகள் தேய்த்ததில் அவை கண்ணாடிபோல் வழவழத்துவிட்டன. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது கொண்டாட்டம். முப்பது கிலோ லாப்ரடாரைத் தூக்கிவிட வேண்டியவருக்கு அவ்வளவு கொண்டாட்டமில்லை. பழைய ஈயச் சுரங்கங்களின் குழிகளும் சரிவுகளில் இருக்கின்றன. பாதையை விட்டு நாயை அலையவிடாதீர்கள்.

வாலா கிராக் (379 மீ), காஸில் கிராக் (290 மீ) இரண்டின் பெயரிலும் எச்சரிக்கை இருக்கிறது. ‘கிராக்’ என்றால் செங்குத்துப் பாறை. வாலா கிராக்கின் உச்சி டெர்வென்ட்வாட்டருக்கு மேலே சட்டென்று அறுந்துபோகிறது. காஸில் கிராக்கில் பழைய ஸ்லேட் கற்குவாரியின் விளிம்பும், காலுக்கடியில் உருளும் ஸ்லேட் குவியலும் உண்டு. இரண்டுமே அழகான இடங்கள். உச்சியில் நாய் கயிற்றிலும் சின்னப் பிள்ளை கையிலும் இருக்கவேண்டும்.

நேரக் கணக்கு

1892-இல் ஸ்காட்லாந்துக்காரர் நைஸ்மித் ஒரு கணக்குச் சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். திடகாத்திரமான பெரியவர் நிற்காமல் நடந்தால் வரும் நேரம் இது. பிள்ளைகளோடு போனால் இரட்டிப்பாக்குங்கள்.

கேட்பெல்ஸை எடுத்துக்கொள்வோம். ஹாஸ் எண்ட் படகுத்துறையிலிருந்து ஏறி, மறுபக்கம் ஹாஸ் கேட்டில் இறங்கி, ஏரிப்பக்கச் சரிவுப் பாதையில் திரும்பி வந்தால் சுமார் 6 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 375 மீட்டர். நைஸ்மித் கணக்கில் ஒரு மணி ஐம்பது நிமிடம். குடும்பத்துக்கு மூன்றரை முதல் நான்கு மணி நேரம். கடைசிப் படகையோ பேருந்தையோ நம்பிப் போகிறவர்கள் அதற்குமேல் ஒரு மணி நேரம் கையிருப்பு வைத்துக்கொள்ள வேண்டும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அந்த மாதத்தில் பகல் பதினோரு மணிக்குக் கிளம்பும் குடும்பம் இருட்டில் இறங்கத் தயாராகத்தான் கிளம்புகிறது என்று பொருள். தலைவிளக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோன் விளக்கை நம்பினால், உதவிக்கு அழைக்க வேண்டிய நேரத்தில் ஃபோனில் சார்ஜ் இருக்காது.

வானிலையை முந்தின இரவும் காலையிலும் பாருங்கள். ஊருக்கான முன்னறிவிப்பு போதாது. பிரிட்டனின் வானிலை நிறுவனமான மெட் ஆபீஸ் மலைகளுக்கெனத் தனி அறிக்கை வெளியிடுகிறது. அதில் மழையைவிடக் காற்றை முதலில் படியுங்கள். 150 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும் என்பது தோராயக் கணக்கு. கேட்பெல்ஸ் உச்சி கெஸ்விக்கைவிட இரண்டரை டிகிரி குளிர்ச்சி, அவ்வளவுதான். ஆனால் உச்சிக் காற்றில் உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைக்கு அது பத்து டிகிரி வித்தியாசமாகத் தெரியும்.

ஆடுகளும் சட்டமும்

இந்தக் குன்றுகள் காலியாகக் கிடக்கும் நிலமல்ல. ஹெர்ட்விக், ஸ்வேல்டேல் இனச் செம்மறியாடுகள் ஆண்டு முழுக்க மேயும் மேய்ச்சல் நிலம். வேலி இல்லாத திறந்த மலையிலும் அவை தத்தம் பகுதியைவிட்டுப் போவதில்லை. தாய் குட்டிக்குக் கற்றுக்கொடுத்துப் பல தலைமுறையாகத் தொடரும் பழக்கம் அது. ஒரு நாய் விரட்டினால் அந்தப் பழக்கமே கலைகிறது. சினை ஆட்டைக் கடிக்கக்கூட வேண்டாம், துரத்தினாலே கரு கலையலாம். மலையாடுகள் ஏப்ரல் நடுவில் தொடங்கி மே வரை குட்டி போடும்.

இங்கிலாந்தில் திறந்த அணுகல் நிலத்தில் (பாதையை விட்டும் யாரும் நடக்க உரிமையுள்ள நிலம்) மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மேல் நீளாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். இது 2000-ஆம் ஆண்டுச் சட்டம். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காகவும் இந்த மாதங்கள். கால்நடை அருகில் இருந்தால் எந்த மாதமானாலும் இதே விதிதான். பொதுப்பாதையில் நடக்கும்போது நாய் கட்டுப்பாட்டில் இருந்தால் போதும் என்பார்கள். ஆனால் சின்னக் குன்றுகளில் பாதையும் அணுகல் நிலமும் மாறிமாறி வரும், ஆடு எல்லா இடத்திலும் இருக்கும். ஆகவே கார் கதவைத் திறக்கும் முன்பே கயிறு மாட்டுங்கள், திரும்பக் காருக்குள் ஏற்றும்வரை கழற்றாதீர்கள். ஆட்டைத் துரத்தும் நாயைச் சில சூழ்நிலைகளில் விவசாயி சுடுவதற்குச் சட்டம் இடம் தருகிறது. ‘எங்கள் நாய் ஒன்றும் செய்யாது’ என்ற வாக்கியம் அங்கே எடுபடாது.

பொத்தானை அமுக்கினால் நீளும் சுருள் கயிறு இங்கே ஆகாது. பாறையில் சிக்கும், பிள்ளையின் காலைச் சுற்றும், இழுத்துப் பிடித்தால் உள்ளங்கையை அறுக்கும். ஒன்றரை அல்லது இரண்டு மீட்டர் சாதாரணக் கயிறே சரி.

மாடுகள் தனிக் கதை. கன்றோடு நிற்கும் பசு நாயைத்தான் எதிரியாகப் பார்க்கும். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் போகாமல், பாதையைவிட்டு விலகியாவது சுற்றிப்போங்கள். மாடு துரத்தினால் நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பித்துக்கொள்ளும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதர்தான் மிதிபடுவார். இதை வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள், ஏனென்றால் அவர்கள் நாயை விடவே மாட்டார்கள்.

நாயின் கழிவைப் பையில் எடுத்துக் கீழே கொண்டுவர வேண்டும். சுத்தத்துக்காக மட்டும் இந்த விதி வரவில்லை. நாய்க்கழிவு வழியாகப் பரவும் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி பசுக்களுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும். பையைக் கட்டிக் கல்வேலியில் வைத்துவிட்டு ‘திரும்பும்போது எடுக்கலாம்’ என்று போகிறவர்கள் பெரும்பாலும் வேறு பாதையில் திரும்புகிறார்கள். இறுக மூடும் டப்பா ஒன்று பையின் வெளியே தொங்கட்டும்.

ஏணியும் பாறைப் படியும்

கல்வேலியின் மேல் ஏணிபோல் ஏறி மறுபக்கம் இறங்கும் மர அமைப்பை ‘ஸ்டைல்’ என்பார்கள். சிலவற்றின் பக்கத்தில் நாய் நுழையத் தூக்குப் பலகை இருக்கும், பலவற்றில் இருக்காது. நாயைத் தூக்கி மறுபக்கம் தர முடியுமா என்பதை வீட்டுப் படிக்கட்டில் ஒருமுறை பாருங்கள். முடியாதென்றால் ஏணி இல்லாத பாதையைத் தேர்ந்தெடுங்கள்.

நாய்க்குக் கழுத்துப்பட்டை மட்டும் போட்டுக்கொண்டு வராதீர்கள். மார்பைச் சுற்றிக் கட்டும், முதுகில் கைப்பிடி உள்ள ஹார்னஸ் வேண்டும். பாறைப் படியில் ஒரு பெரியவர் முதலில் ஏறி உறுதியாகக் காலூன்றி நிற்கட்டும். கீழே உள்ளவர் நாயின் பின்பாகத்தைத் தாங்க, மேலே உள்ளவர் கைப்பிடியைப் பிடித்து வழிநடத்தட்டும். கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் மூச்சு அடைபடும், நாய் துள்ளும், இருவரும் விழுவீர்கள். நாய் ஏறி முடிந்தபிறகுதான் பிள்ளைகள். ஒரே நேரத்தில் இரண்டையும் கவனிக்கப் பார்ப்பதில்தான் விபத்து நடக்கிறது.

கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வதும், இடுப்பு பெல்ட்டில் மாட்டுவதும் ஏறும்போது வசதி. இறங்கும்போது இரண்டும் ஆபத்து. முன்னால் ஓர் ஆடு குதித்தால், இருபது கிலோ நாய் ஒரே இழுப்பில் பெரியவரையே தலைகுப்புறத் தள்ளிவிடும். இறக்கத்தில் கயிறு கையில் இருக்கட்டும், எந்நேரமும் விடக்கூடியபடி. பிள்ளையிடம் கொடுக்கவே வேண்டாம்.

பையில் என்ன?

தண்ணீர்: பெரியவருக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர், பிள்ளைக்கு அரை முதல் முக்கால் லிட்டர், பத்து கிலோ நாய்க்கு அரை லிட்டர். இது மிதமான நாளுக்கு. வெயில் நாளில் நாயின் பங்கை இரட்டிப்பாக்குங்கள். ஓடை இருக்கிறதே என்று விடவேண்டாம். சின்னக் குன்றுகளின் மேல்பகுதியில் கோடையில் ஓடை வற்றிக் கிடக்கும். ஏரிக்கரையில் பச்சைச் சாயம் கலந்ததுபோல் நீலப்பச்சைப் பாசி படர்ந்திருந்தால் நாயைத் தண்ணீர்ப் பக்கமே விடாதீர்கள், அது நாயைக் கொல்லக்கூடிய நஞ்சு.

உடை: ஜீன்ஸ் நனைந்தால் காயாது, குளிரும், வேண்டாம். எல்லோருக்கும் மழைக்கோட்டு, பிள்ளைகளுக்கு மழைக் காற்சட்டையும். பிள்ளைகளின் கையுறையும் காலுறையும் இரண்டு ஜோடி, ஏனென்றால் முதல் ஜோடி முதல் ஓடையிலேயே நனையும். தோலோடு ஒட்டிய முடியுள்ள மெலிந்த நாய்க்கு ஒரு கோட்டு. உச்சியில் உட்காருவதற்கு முன்பே பிள்ளைகளுக்குக் கூடுதல் ஆடையைப் போட்டுவிடுங்கள். ‘குளிருது’ என்று சொன்னபிறகு போட்டால் சூடேற அரைமணி ஆகும்.

சாப்பாட்டில் ஒரு கவனம். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், சர்க்கரையில்லாத மிட்டாய்களில் சேர்க்கும் சைலிடால் எல்லாம் நாய்க்கு விஷம். நடையர்கள் கொண்டுவரும் பருப்புக் கலவையில் உலர்திராட்சை இல்லாமல் இருப்பது அபூர்வம், அதைச் சிந்துவதோ பிள்ளைகள். நாய்க்கு அதன் தினசரி உணவில் ஒரு பகுதியைத் தனியாக எடுத்துவந்து நிற்கும்போதெல்லாம் கொஞ்சமாகக் கொடுங்கள். நடைக்குச் சற்று முன்பும் முடிந்தவுடனேயும் வயிறு முட்டக் கொடுக்காதீர்கள்.

இவற்றோடு முதலுதவிப் பை, விசில், ஒட்டிக்கொள்ளும் கட்டுத்துணி (நாயின் பாதத்துக்கு, சும்மா சுற்றினாலே போதும், இறுக்கினால் ரத்த ஓட்டம் நிற்கும்), உண்ணி எடுக்கும் கொக்கி, நான்கு பேர் உள்ளே உட்காரும் அவசரக் கூடாரத்துணி. கடைசியாகச் சொன்னதைப் பலர் வாங்குவதில்லை. மழையிலும் காற்றிலும் அதைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு எல்லோரும் நாயோடு உள்ளே உட்கார்ந்தால் சில நிமிடங்களில் கதகதப்பாகிவிடும். பெரிய நாய் என்றால் அதைச் சுமந்து இறக்கும் தூளித்துணியும் வேண்டும். இருபத்தைந்து கிலோ நாயைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு கிலோமீட்டர் இறங்க யாராலும் முடியாது.

வரைபடம்: பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவு. லாட்ரிக், கேட்பெல்ஸ், வாலா கிராக், காஸில் கிராக்குக்கு ஓஎல்4 என்ற எண்ணுள்ள தாள். ஹாலின் ஃபெல்லுக்கு ஓஎல்5. லஃப்ரிக், கம்மர்ஸ் ஹௌவுக்கு ஓஎல்7. இதில் 4 சென்டிமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டர். பச்சைக் கோடிட்ட பாதை நடக்க உரிமையுள்ளது. கறுப்புக் கோடு தரையில் தடம் உண்டு என்று மட்டுமே சொல்கிறது. ஃபோனில் வரைபடம் இருந்தாலும் காகிதத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாயின் கழுத்துப்பட்டையில் உரிமையாளர் பெயரும் முகவரியும் இருக்கவேண்டும் என்பது பிரிட்டிஷ் சட்டம். ஃபோன் எண்ணையும் சேர்த்துப் பொறியுங்கள். நாய் தொலைந்தால் உண்மையில் உதவுவது அதுதான்.

நடையும் இறக்கமும்

பேச முடிகிற வேகத்தில் ஏறுங்கள். முதல் இருபது நிமிடம் பிள்ளைகள் ஓடுவார்கள், பிறகு உட்கார்ந்துவிடுவார்கள். முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர், நடுவில் பிள்ளைகள். நாய் பின்னால் வருகிறவரிடம். அரைமணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நின்று எல்லோரும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கட்டும்.

திரும்புவதற்கு ஒரு நேரத்தைக் கிளம்பும் முன்பே முடிவுசெய்யுங்கள். அந்த நேரம் வந்ததும் உச்சி நூறு மீட்டரில் இருந்தாலும் திரும்புங்கள். பிள்ளை அமைதியாகிவிட்டால், அடிக்கடி தடுக்கினால், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் குளிரோ பசியோ தாக்கியிருக்கிறது. அங்கேயே நின்று சூடேற்றி இனிப்புக் கொடுங்கள். நாய் நடுவழியில் படுத்தால், நாக்கு முழுசாகத் தொங்கி மூச்சிரைப்பு அடங்காவிட்டால் வெப்பம் தாக்கியிருக்கிறது. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். முதலில் குளிர்விப்பு, பிறகுதான் மருத்துவரிடம் பயணம். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களை வெயில் நாளில் கூட்டிவரவே வேண்டாம்.

இறங்கும்போது காலணியின் முடிச்சைப் புதிதாக இறுக்குங்கள். தளர்ந்திருந்தால் கால்விரல் முன்னால் இடித்து நகம் கறுக்கும். நனைந்த புல்லில் பக்கவாட்டில் சின்னச் சின்ன அடிகள், நனைந்த ஸ்லேட்டில் உட்கார்ந்து நகர்ந்தாலும் வெட்கமில்லை. சுருக்குவழி என்று புதர்ச்செடிக்குள் இறங்கினால் முடிவில் ஒரு பாறை விளிம்போ கல்வேலியோதான் காத்திருக்கும்.

ஏதாவது நடந்தால்

அவசர உதவி எண் 999-ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) என்று கேளுங்கள். இருக்குமிடத்தின் கிரிட் எண் (வரைபடத்தின் கட்டங்களை வைத்து இடத்தைக் குறிக்கும் எண்), எத்தனை பேர், பிள்ளைகள் வயது, யாருக்கு என்ன அடி என்பதைச் சொல்லுங்கள். வருகிறவர்கள் ஊதியம் வாங்காத தொண்டர்கள், கட்டணம் இல்லை. பாரோடேல் போன்ற பள்ளத்தாக்குகளில் சிக்னல் விட்டுவிட்டு வரும். அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி போகலாம், ஆனால் 999-க்குக் குறுஞ்செய்தி அனுப்ப முன்கூட்டியே ‘ரெஜிஸ்டர்’ என்று ஆங்கிலத்தில் அதே எண்ணுக்கு அனுப்பிப் பதிவுசெய்திருக்க வேண்டும். அதை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். ஃபோனும் இல்லையென்றால் ஒரு நிமிடத்தில் ஆறு விசில், பிறகு ஒரு நிமிட அமைதி, மறுபடி ஆறு.

வெயில்படும் பாதையோரத்தில் முதுகில் வளைந்து நெளிந்த கோடுள்ள பாம்பு தெரிந்தால் அது ஆடர், பிரிட்டனின் ஒரே விஷப்பாம்பு. தானாக வந்து கடிக்காது, மோப்பம் பிடிக்கப்போன மூக்கைத்தான் கடிக்கும். நாய் கடிபட்டால் நடக்கவிடாமல் தூக்கிச் சென்று கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கடிவாயைக் கட்டுவதும் அறுப்பதும் வேண்டாம்.

காருக்குத் திரும்பியபின்

நாயின் விரலிடுக்குகளில் சிறுகல், முள், வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். பிறகு உண்ணி. பிராக்கன் என்ற பெரணிச்செடி கோடையில் பிள்ளையின் உயரத்துக்கு வளரும், உண்ணி அதன் நுனியில்தான் காத்திருக்கும். நாயின் காது, அக்குள், தொடையிடுக்கு, விரலிடுக்கு. பிள்ளைகளின் முழங்கால் பின்புறம், இடுப்புக்கோடு, காதுக்குப் பின்னால், தலைமுடி. கொக்கியைத் தோலோடு ஒட்டிச் செருகி மெதுவாகத் திருகி எடுங்கள். நசுக்குவது, எண்ணெய் தடவுவது, சுடுவது எதுவும் வேண்டாம். மிரண்ட உண்ணி தன் வயிற்றில் உள்ளதைக் கடிவாய்க்குள் கக்கிவிடும். உண்ணிக்கடியால் பரவும் லைம் நோய் தொற்றும் வாய்ப்பு அப்போது கூடலாம். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்து பரவினால், பிள்ளையை மருத்துவரிடம் கூட்டிப்போய் எந்தத் தேதியில் எந்தக் குன்றில் நடந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.